டவர் கிடைக்காத மலையில் இரண்டு துப்பறிவாளர்கள்

சிரித்தே ஆளைக் கொல்லும் பாவை ஒன்று கொல்லிமலையில் இருந்ததாகப் பழங்கதை. கொலையையும் சிரிப்பையும் ஒன்றாய் முடிந்துவைத்த ஊர். ஆனால் கொல்லிமலை என்றதும் சினிமாக்காரர்களுக்குச் சித்தரும் மாந்திரீகமும்தான் ஞாபகம் வருகின்றன. ஒட்டாத இரண்டு துப்பறிவாளர்களைக் அடிவாரக் காரவள்ளியில் பஸ் ஏற்றிவிட ஏனோ தோன்றுவதில்லை.

70 கொண்டை ஊசி வளைவுகள். ஒருவர் வளைவுகளை எண்ணிக்கொண்டே வருகிறார். மற்றவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி சந்தேகப் பட்டியலை ஒப்பிக்கிறார். 40ஆவது வளைவுக்குள் இருவரும் நமக்குப் பழகிவிடுவார்கள். கொலை மெதுவாக நடக்கட்டும்.

தொடர்கதைத் துப்பறியும் ஜோடியான கணேஷும் வசந்தும் பத்திரிகைகளில் அத்தனை வருஷம் ஓடியது கொலைகாரனுக்காகவா? வசந்த் எதையாவது உளற, கணேஷ் அவனை அடக்கும் நாலு வரிக்காக. அவர்களின் ‘ப்ரியா’ (1978) படமானபோது சிங்கப்பூர் கிடைத்தது. அந்த நாலு வரி போயிற்று. ‘துப்பறிவாளன்’ (2017) கொஞ்சம் மீட்டது: நாயைக் கொன்றது யார் என்று கேட்டுவரும் சிறுவனின் வழக்கை எடுக்கும் கணியன் பூங்குன்றன், பக்கத்தில் திட்டு வாங்கும் மனோகர்.

‘போர் தொழில்’ (2023) இன்னும் மேல். முகம் கொடுத்துப் பேசாத லோகநாதன், புத்தகம் கரைத்துக் குடித்த பயந்தாங்கொள்ளி பிரகாஷ். கொடூரக் கொலைகளுக்கு நடுவே சிரிப்பு வந்ததென்றால் அந்த முறைப்பால்தான். கதை 2010இல் நடப்பதும் ஒரு காரணம் என்பேன்.

ஏனென்றால் இப்போதைய படங்களில் பாதி நேரம் கண்ட்ரோல் ரூம். சிசிடிவியை ஓட்டு, சிடிஆர் (போன் அழைப்புப் பட்டியல்) எடு, டவரைப் பார், ‘ஜூம் பண்ணு’. அந்த அறைக்குள் போன ஜோடிக்குச் சண்டை போட என்ன இருக்கிறது? இருவரும் ஒரே திரையை வெறிக்கிறார்கள். அங்கே தீர்க்கதரிசி, கீபோர்டு தட்டும் பையன்தான். “நிஜ போலீஸும் அப்படித்தானே சார் பிடிக்குது?” என்றார் உதவி இயக்குநர் ஒருவர். இருக்கலாம். நிஜ போலீஸைப் பார்க்க நான் டிக்கெட் எடுப்பதில்லை.

கொல்லிமலையில் சிக்னல் வரும், போகும். ஆளைத்தான் கேட்க வேண்டும். செம்மேட்டு டீக்கடையில் ஒருவர் அதட்டிக் கேட்டு ஏமாற, மற்றவர் மிளகு விலை விசாரித்தே விஷயத்தைக் கறந்துவிடுவார். சந்தேக ஆசாமி ஆகாய கங்கை அருவிக்கு இறங்கி ஓடினாலும் கவலையில்லை. ஆயிரத்துக்கும் மேல் படி. திரும்ப ஏறித்தான் ஆக வேண்டும். பாதி வழியில் துரத்தியவர்களும் ஓடியவனும் ஒரே படியில் உட்கார்ந்து, இருக்கிற ஒரே தண்ணீர் பாட்டில் யாருக்கு என்று மூச்சிரைக்க வாதாடுவார்கள்.