டீக்கடைக்கு வரும் கமேலியா

சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில், கனகம்மாசத்திரத்தில் வண்டியை நிறுத்தி டீ குடிப்பவர்களுக்குத் தாங்கள் குடிப்பது கமேலியா என்று தெரிந்திருக்காது. தேயிலையின் தாவரவியல் பெயர் கமேலியா சைனென்சிஸ். குளிர்நாடுகளில் அடுக்கடுக்கான பூவுக்காகவும் உயிர்வேலிக்காகவும் வளர்க்கிற கமேலியா ஜபோனிகா, கமேலியா சசான்குவா இரண்டும் அதற்குப் பங்காளிகள்.

குன்னூர்ச் சரிவுகளில் இடுப்பளவு உயரத்தில் மட்டமாக நிற்கும் தேயிலைகள் பிறவியில் குட்டைச் செடிகள் அல்ல. அசாம் வகைத் தேயிலையை வெட்டாமல் விட்டால் 10 மீட்டரைத் தாண்டி மரமாகிவிடும். அடக்கி வைத்திருப்பது கவாத்துக் கத்திதான். கிளையின் நுனிமொட்டு ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் பக்கமொட்டுகள் உறங்கிக் கிடக்கும். நுனியை வெட்டியதும் அவை விழித்துக்கொள்ளும். ஒரு கிளை இருந்த இடத்தில் நாலைந்து வரும். கொழுந்து கிள்ளுவதும் ஒருவகையில் சிறிய கவாத்துதான்.

தென்னிந்தியத் தோட்டங்களில் சுமார் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிய கவாத்து நடக்கும். வெட்டி முடித்த மலையைப் பார்த்தால் வயிறு கலங்கும்: இலையே இல்லாத குச்சிகள். இலை இல்லாவிட்டால் செடிக்குச் சமையலறையே இல்லை. புதுத்தளிர் வரும்வரை வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்றுதான் அது பிழைக்க வேண்டும். ஆகவே முன்கூட்டியே வேர்த்துண்டை நறுக்கி அயோடின் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் இருப்பு உண்டு, கத்தி வைக்கலாம். நிறம் மாறாவிட்டால் பொறுக்க வேண்டும். மீறி வெட்டினால் செடி பட்டுப்போகும். சில தோட்டங்களில் ஓரிரு கிளைகளை இலையோடு விட்டுவைப்பதும் இந்தப் பயத்தால்தான்.

பூவுக்கு வளர்க்கும் ஜபோனிகாவுக்குக் கணக்கு வேறு. அடுத்த பருவத்துப் பூமொட்டு கோடையிலேயே உருவாகத் தொடங்கிவிடும். அதனால் பூத்து ஓய்ந்த கையோடு வெட்ட வேண்டும். தாமதித்து வெட்டினால் அடுத்த பருவத்துப் பூவும் கத்தியோடு போய்விடும்.

கமேலியாவை நம் ஊரில் நட்டுப் பார்க்கலாமா? வேண்டாம். அதற்குப் புளிப்பு மண் வேண்டும். தேயிலைக்குக் கார அமிலத்தன்மை 4.5–5.5 இருந்தால் நல்லது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த போர்வெல் தண்ணீரை ஊற்றினால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது, இலை மஞ்சளாகும். போதாததற்குத் திருத்தணிப் பக்கத்துக் கோடை 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்.

கத்தி வைக்கும் சாமர்த்தியத்தை நம் செடிகளிடமே காட்டலாம். செம்பருத்தி புதுக்கிளையில் பூப்பது. வெட்ட வெட்டப் பூக்கும். இட்லிப்பூ கிளை நுனியில் பூப்பது. அடிக்கடி மட்டம் தட்டினால் வேலி அழகாக நிற்கும், பூ இருக்காது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்யுங்கள்.