பெயர் சூடும் நகரங்கள் – 7: இரண்டாவது பலகை

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஃப்ளஷிங் என்றோர் இடம். அங்கே பவுன் தெருவில், 45-57 என்ற எண்ணில் மகா வல்லப கணபதி கோயில் இருக்கிறது. ஐ.நா. சபையில் பணியாற்றிய தமிழர் அழகப்பா அழகப்பன் உள்ளிட்டோர் 1970இல் தொடங்கிய சங்கம், பழைய ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருந்த இடத்தை வாங்கி இந்தக் கோயிலைக் கட்டியது. 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு நடந்தது. அமெரிக்காவில் ஆகம முறைப்படி எழுந்த முதல் கோயில்களில் ஒன்று இது. அதன் கேன்டீன் தோசைக்காக மட்டுமே வந்து போகிறவர்களும் உண்டு. 2022 ஏப்ரலில் அந்தத் தெருமுனைக் கம்பத்தில் ‘கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்’ என்று ஒரு பச்சைப் பலகை ஏறியது. நியூயார்க் தெருவுக்குப் பிள்ளையார் பெயர் என்று இங்கே செய்தி படித்தவர்கள், தெருவின் பெயரையே மாற்றிவிட்டதாகத்தான் நினைத்திருப்பார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. பழைய ‘பவுன்’ பலகை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கோயிலுக்கு இன்று கடிதம் போட்டாலும் முகவரி 45-57, பவுன் தெருதான்.

அந்தப் பவுன் யார் என்று பார்த்தால் பழைய பலகையை இறக்காமல் விட்டதன் அருமை தெரியும். ஜான் பவுன் 17ஆம் நூற்றாண்டில் ஃப்ளஷிங்கில் வாழ்ந்த ஆங்கிலேயர். அப்போது அந்தப் பகுதி டச்சுக்காரர்களின் கையில் இருந்தது. ஆளுநர் ஸ்டைவசண்ட், டச்சுச் சீர்திருத்தச் சபையைத் தவிர வேறு எந்தப் பிரிவும் கூடி வழிபடக் கூடாது என்று தடை போட்டிருந்தார். பவுன் தம் வீட்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைக் கூடி வழிபட விட்டார். 1662இல் கைதானார், அபராதம் கட்ட மறுத்தார், ஹாலந்துக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே, ஃப்ளஷிங் பகுதியை ஆண்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகிகளிடம் தம் வழக்கை எடுத்துச் சொன்னார். யாருடைய மனசாட்சியையும் வற்புறுத்தக் கூடாது என்ற உத்தரவு ஆளுநருக்கு வந்து சேர்ந்தது. பவுன் கட்டிய வீடு இன்றும் அதே தெருவில் நிற்கிறது. குவேக்கர்களின் வழிபாட்டுரிமைக்காகச் சிறை சென்றவரின் பெயரை எடுத்துவிட்டு, அந்த உரிமையால் எழுந்த ஒரு கோயிலின் பெயரை வைத்திருந்தால் அதைவிட அபத்தம் வேறு இருக்க முடியாது. பெயரை மாற்றும் நகரமாக இருந்திருந்தால் அது நடந்தே இருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார்கள். பவுன் யார் என்று விசாரிக்கும் அவசியமே எழுந்திருக்காது.

நியூயார்க்கில் பெயர் சூட்டும் வழி சிக்கலானதல்ல. தெருவில் இருப்பவர்களோ ஓர் அமைப்போ கையெழுத்து வாங்கி வட்டாரக் குழுவிடம் மனு தருகிறார்கள். நகரத்தில் இப்படி 59 குழுக்கள் உண்டு. விதி குழுவுக்குக் குழு மாறும். குழுவின் பரிந்துரையை அந்தத் தொகுதியின் நகரமன்ற உறுப்பினர் எடுத்துக்கொண்டு போவார். பல தொகுதிகளிலிருந்து சேர்ந்த பெயர்களை ஒரே மசோதாவில் அடுக்கி நகரமன்றம் நிறைவேற்றும். மேயர் ஒப்புதலுக்குப் பிறகு போக்குவரத்துத் துறை பலகை மாட்டும். பெரும்பாலும் ஒரு தெருமுனையோ, இரண்டு முனைகளுக்கு இடைப்பட்ட துண்டோதான். வரைபடத்தில் தெருவின் பெயர் மாறாது, வீட்டு எண் மாறாது, தபால் முகவரி மாறாது. இப்படிக் கூடுதல் பெயர் பெற்ற இடங்கள் அந்த நகரத்தில் 1,500ஐத் தாண்டும். தீயணைப்பு வீரர், பள்ளி ஆசிரியை, ராப் பாடகர், பாதிரியார் என்று எல்லோரும் இருக்கிறார்கள். சிகாகோவிலும் இதே முறைதான். தெருப் பெயர் பச்சையில், மரியாதைப் பெயர் பழுப்பில். எது முகவரி, எது வணக்கம் என்பதை நிறமே சொல்லிவிடும்.

தெருப் பெயருக்கு இரண்டு வேலை. வழி சொல்வது ஒன்று, ஒருவரை நினைவுகூர்வது இன்னொன்று. முதல் வேலைக்குப் பெயர் மாறாமல் இருக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒவ்வொரு தலைமுறையும் புதுப் பெயர் கேட்கும். ஒரே பலகையின் தலையில் இரண்டையும் கட்டினால் இரண்டும் கெடும் என்பதே என் வாதம். சென்னையைவிட அதற்கு நல்ல சாட்சி வேண்டியதில்லை. இங்கே மாமன்றம் தீர்மானம் போடும், அரசு ஒப்புதல் தரும், பழைய பெயர் போய்ப் புதுப் பெயர் வரும். 1969இல் அண்ணா மறைந்த பிறகு மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனது. அரைநூற்றாண்டுக்கு மேல் ஆகியும் ஆட்டோக்காரரிடம் ‘மவுண்ட் ரோடு’ என்றால் மறுபேச்சில்லாமல் வண்டி கிளம்பும். நுங்கம்பாக்கம் ஹை ரோட்டுக்கு மகாத்மா காந்தி சாலை என்று பெயர். அப்படிச் சொல்லி வழி கேட்பவர் ஊருக்குப் புதியவர். பழைய மகாபலிபுரம் சாலையில் ராஜீவ் காந்தியின் பெயர் பலகையில் இருக்கிறது, வாயில் ஓ.எம்.ஆர்.தான். 2022இல் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கலைஞர் பெயர் வைத்தார்கள். இன்றும் அது ஈ.சி.ஆர்.

மக்கள் புதுப் பெயரை ஏற்றுக்கொள்ளும்போதும் மரியாதை தப்புவதில்லை. நீளமான பெயரை நாக்கு சுருக்கிவிடும். மவுப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலை ஆனது, எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ஆர்.கே. சாலை ஆனது. டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ராதாகிருஷ்ணனும் முதலெழுத்துகளாகி விட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் நினைவாக அமைந்த தி. நகரில், புடவை எடுக்க வருபவர்களில் எத்தனை பேருக்கு ‘தி’ என்றால் யார் என்று தெரியும்? கலைஞர் கருணாநிதி உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில் ஒரு குடியிருப்பு வந்தது. அது கே.கே. நகராகி, அவரைப் பிடிக்காதவர்களும் கூசாமல் சொல்லும் பெயராகிவிட்டது. 2025 அக்டோபரில் தெருப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்று அரசாணை வந்த அதே வாரத்தில், கோவை அவினாசி சாலை மேம்பாலம் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டு சர்ச்சை ஆனது. ‘நாயுடு’ என்ற சாதிப் பின்னொட்டை எடுத்தால் மிஞ்சுவது இரண்டு முதலெழுத்துதான் என்பது அந்தச் சர்ச்சையில் எளிதில் தள்ள முடியாத சிக்கல்.

இரண்டு வேலைக்கும் இரண்டு பலகை என்பதற்கு வரும் முதல் மறுப்பு: இரண்டாவது பலகை இரண்டாந்தர மரியாதை. முகவரியில் வராத பெயரை யார் சொல்லப் போகிறார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் முழுப் பெயர் மாற்றம் அந்த வேலையைச் செய்துவிட்டதா என்பதற்கும் நியூயார்க்கிலேயே சோதனை நடந்திருக்கிறது. 1945இல் மேயர் லாகார்டியா காலத்தில் ஆறாவது அவென்யூவுக்கு ‘அவென்யூ ஆஃப் தி அமெரிக்காஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். சட்டம், பலகை, முகவரி எல்லாம் புதுப் பெயரில். ஊர் மசியவில்லை. 1980களில் ‘ஆறாவது அவென்யூ’ பலகையை மறுபடி மாட்டினார்கள். இப்போது இரண்டும் உண்டு, பேச்சில் ஒன்றுதான். ஒரு பெயர் வாயில் நிற்பதற்கு அந்த இடத்தோடு அதற்கு உறவு இருக்க வேண்டும். ‘கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்’ நிற்பதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கோயில் அங்கேயே இருக்கிறது.

அடுத்த மறுப்பு கனமானது. காலனி ஆதிக்கத்தின் பெயர்களை அப்படியே விட்டுவைத்து அதன் கீழே நம் தலைவரின் பெயரை ஒட்டுவதா? ஒடுக்கியவன் மேலே, போராடியவன் கீழேயா? கூடாது. தன் செயலால் பெயர் கெட்டவனை இறக்கத்தான் வேண்டும். 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய தளபதி நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்தது, 1937இல் ராஜாஜி அரசு அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அங்கே குற்றச்சாட்டு வெளிப்படையாக இருந்தது, விவாதம் நீல் செய்ததைப் பற்றியே நடந்தது. நான் சொல்வது இதைத்தான். ஒரு பெயரை நீக்குவது தனித் தீர்மானமாக வரட்டும், காரணத்தோடு வரட்டும். புதியவரைப் போற்றும் சாக்கில் பழையவரை ஓசையில்லாமல் கழற்றக் கூடாது. 2015 ஜூலை 27 அன்று அப்துல் கலாம் மறைந்தார். ஆகஸ்ட் முடிவதற்குள் தில்லியில் ஔரங்கசீப் சாலை கலாம் சாலை ஆனது. அது கலாமுக்குச் செய்த மரியாதையா, ஔரங்கசீப்புக்குத் தந்த தண்டனையா என்று இரண்டு தரப்பும் மோதிக்கொண்டதில், ராமேசுவரத்துக்காரரின் பெயர் ஓர் அடிதடியில் கைக்கு அகப்பட்ட தடியாகிவிட்டது. கலாமுக்கு வேறெந்தத் தெருவைக் கொடுத்திருந்தாலும் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். 1975லேயே மத்திய உள்துறை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது: பெயர் மாற்றம் தபால்காரருக்கும் மக்களுக்கும் குழப்பம், வரலாற்றுணர்வுக்கும் இழப்பு, புதுச் சாலைகளுக்குப் புதுப் பெயர் வையுங்கள் என்று.

இரண்டாவது பலகை மலிவு, ஆகவே பெருகும் என்பார்கள். பெருகத்தான் செய்கிறது. நியூயார்க் நகரமன்றம் பெயர்களை மொத்தமாக ஒரே மசோதாவில் வைப்பதால் யாரும் ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை, ஒரு தொகுதி உறுப்பினர் கேட்டால் மற்றவர்கள் தலையாட்டுவது வழக்கம். இந்தக் குறையை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த வழக்கம் உடைந்த இடத்தைப் பாருங்கள். 2007இல் புரூக்ளினில் கேட்ஸ் அவென்யூவின் ஒரு பகுதிக்கு சன்னி கார்சன் பெயரை வைக்க வட்டாரக் குழு பரிந்துரைத்தது. பள்ளிகளில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடியவர். ஆள்கடத்தல் வழக்கில் தண்டனை பெற்றவர். வெள்ளையர் எதிர்ப்பை வெளிப்படையாகப் பேசியவர். மன்றம் 25க்கு 15 என்ற வாக்கில் அந்தப் பெயரை நிராகரித்தது. முடிவு சரியா தவறா என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. ஆனால் ஒருவர்கூட “என் வங்கிக் கணக்கில் முகவரி மாறுமே” என்று பேசவில்லை. பேச்சு முழுக்க அந்த மனிதர் மரியாதைக்கு உரியவரா என்பதுதான். சென்னையில் ஒரு பெயரைப் பற்றி மாமன்றத்தில் அப்படி ஒரு வாக்கெடுப்பைக் கற்பனை செய்ய முடிகிறதா? ஆதார், குடும்ப அட்டை, ஜி.எஸ்.டி. பதிவு என்று குடியிருப்போர் அலைய வேண்டிய நிலை இருக்கும் வரை, எதிர்ப்பவர் அந்த மனிதரை எதிர்க்கிறாரா அலைச்சலை எதிர்க்கிறாரா என்பதே புரியாது.

கடந்த சில ஆண்டுகளில் சென்னை தன்னை அறியாமலே இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2022இல் விருகம்பாக்கம் பத்மாவதி நகர் பிரதான சாலைக்குச் சின்னக் கலைவாணர் விவேக் பெயர், 2023இல் மந்தைவெளி மேற்கு வட்டச் சாலைக்கு டி.எம். சௌந்தரராஜன் பெயர், அடுத்து நுங்கம்பாக்கம் காம்தார் நகரில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பெயர். மூவருமே அந்தந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள். ஊரின் முதுகெலும்பான சாலையைப் பிடுங்கிக் கொடுக்காமல், அவர்கள் நடந்த தெருவைக் கொடுத்திருக்கிறார்கள். இதில் குறை ஒன்றுதான்: பத்மாவதி நகர் பலகையை இறக்க வேண்டியிருந்தது. மூத்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு ஆற்காடு சாலையையே கொடுத்தும், வடபழனியில் நின்றுகொண்டு ஊர் இன்னும் ‘ஆற்காடு ரோடு’ என்றுதான் சொல்கிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சென்னையில் மரியாதைக்கு இடம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அண்ணா நகரிலும் பெசன்ட் நகரிலும் அவென்யூக்களுக்கு எண்தான் பெயர். புறநகர் மனைப்பிரிவுகளில் மூன்றாவது குறுக்குத் தெரு, ஐந்தாவது பிரதான சாலை என்று வரிசை போகிறது. வழி சொல்ல எண்ணைவிட வசதி வேறில்லை, அதைத் தொட வேண்டாம். ஆனால் அந்த எண் பலகைக்குக் கீழே ஒரு சாண் இடம் காலியாக இருக்கிறது. அந்த வட்டாரத்தில் பிரசவம் பார்த்த செவிலியரோ, பள்ளி நடத்தியவரோ, ஏரியைக் காக்க நீதிமன்றம் ஏறியவரோ இருப்பார். பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு, செய்த வேலை பற்றி ஒரு வரி. மாமன்றத்தில் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக வாக்குக்கு விட வேண்டும். மறைந்து சில ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும் என்பதையும் விதியாக்கலாம். முதல் எதிர்ப்பு கட்சிகளிடமிருந்துதான் வரும். தலைவர் மறைந்த வாரமே பிரதான சாலையைக் கேட்கும் பழக்கம் அவற்றுக்குத்தான் இருக்கிறது.