வால்வு ஆம்ப் முனகினால்

வீட்டில் கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபையர் முதல் நாளே முனகினால் மனம் தளர வேண்டாம். கண்ணில் பட்ட கண்டென்சரையெல்லாம் கழற்றவும் வேண்டாம். இடம் தெரியாமல் பாகத்தை மாற்றினால் பழைய பழுதோடு புதியதும் சேரும். டீ ஆறுவதற்குள் வழியைச் சொல்கிறேன்.

முதலில் உயிர். உள்ளே ஓடுவது 250 முதல் 400 வோல்ட் டிசி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் சுழி தெரிந்த பிறகே உள்ளே கை போக வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்பை ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

முன்னால் ஒரு இசிசி83, பின்னால் ஒரு இஎல்84 என்று வைத்துக்கொள்வோம். வால்யூமை முழுக்கக் குறையுங்கள். முனகல் அடங்கினால் குற்றம் வால்யூமுக்கு முன்னால். அப்படியே இருந்தால் பின்னால். அடுத்து, ஸ்விட்சை அணைத்து இசிசி83ஐக் கழற்றிவிட்டு, மறுபடி ஸ்விட்சைப் போடுங்கள். இப்போதும் முனகினால் பவர் சப்ளையையும் இஎல்84ஐயும்தான் பார்க்க வேண்டும்.

ஒலியும் துப்புக் கொடுக்கும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஃபுல் வேவ் ரெக்டிஃபையரைத் தாண்டினால் 100 ஆகிவிடும். ஆகவே 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் என்றால் முதல் சந்தேகம் ஃபில்டர் கண்டென்சர் மேல். 50 என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர் கம்பி, கிரவுண்டு லூப், அல்லது பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். ஹீட்டர் கம்பிகளை நன்றாக முறுக்கி, சேஸி மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். ஹீட்டர் வைண்டிங்குக்கு சென்டர் டாப் இல்லையென்றால் இரண்டு முனையிலிருந்தும் தலா 100 ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குக் கொடுங்கள். முனகலை அடக்க 3 பின் பிளக்கின் எர்த்தை மட்டும் வெட்டவே வெட்டாதீர்கள்.

ஒலி கரகரத்து, இஎல்84இன் பிளேட் சிவக்கிறதா? உடனே அணையுங்கள். இரண்டு வால்வுக்கும் நடுவில் உள்ள கப்ளிங் கண்டென்சர் கசிந்தால் இப்படி ஆகும். நல்ல நிலையில் இஎல்84இன் கிரிட்டில் சுழி வோல்ட், கேத்தோடில் 7 வோல்ட் போல இருக்கும். கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் தெரிந்தால் வால்வைக் கழற்றிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். வோல்டேஜ் அப்படியே நின்றால் கண்டென்சர் கெட்டது, மறைந்தால் வால்வு கெட்டது. பழுது பார்ப்பதில் இவ்வளவு தெளிவாகத் தீர்ப்புச் சொல்லும் சோதனை அபூர்வம்.

மற்றவை எளிது. பென்சிலால் மெல்லத் தட்டும்போது வால்வு கணகணத்தால் அது மைக்ரோஃபோனிக். சாக்கெட்டை அசைக்கையில் படபடத்தால் பின் அழுக்கு அல்லது கோல்டு சாலிடர். ஃபீட்பேக் கொடுத்த கணமே ஊளையிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி முனைகள் இடம் மாறியிருக்கின்றன.

ஆம்ப் நன்றாகப் பாடத் தொடங்கியதும் ஒவ்வொரு பின்னின் வோல்டேஜையும் அளந்து, தாளில் எழுதி, சேஸியின் அடித்தட்டில் ஒட்டிவிடுங்கள்.