பழைய அனுமதி எதுவரை செல்லும்?



கட்டட அனுமதி கைக்கு வந்துவிட்டால் அது என்றைக்கும் செல்லும் என்றே நம்மில் அநேகர் எண்ணுகிறோம். பத்திரத்தைப்போல அதையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் போதும் என்ற நினைப்பு. காணிக்கை சேரச் சேர ஆலயம் எழுப்பும் சபைகளிலும், நன்கொடை வர வர வார்டு கட்டும் மருத்துவமனைகளிலும் இது சகஜம். அனுமதிக்கும் ஆயுள் உண்டு என்பதைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஆமத்தூர்ப் பக்கத்தில் இதைப் புரியவைப்பது எளிது. பட்டாசு ஆலைக்குத் தரப்படும் உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அது முடியுமுன் புதுப்பிக்க மனு கொடுக்கவேண்டும். ஏன் இப்படி? கட்டணம் வாங்குவதற்காக மட்டுமல்ல. உரிமம் கொடுத்த அன்று ஆலையைச் சுற்றிலும் கரிசல் காடும் பருத்திச் செடியுமாக இருந்திருக்கும். சில வருஷங்களில் வேலிக்கு அப்பால் வீடுகள் வந்துவிடும், ஒரு பள்ளிக்கூடமும் வரலாம். மருந்து கலக்கும் அறைக்கும் குடியிருப்புக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கவேண்டும் என்பது வெடிபொருள் விதி. பழைய வரைபடத்திலோ அந்த வீடுகள் இராது. அனுமதி என்பது ஓர் இடத்தை ஒரு காலத்தில் பார்த்து எழுதியது. இடம் மாறினால் மறுபடியும் பார்க்கத்தானே வேண்டும்?

கட்டடங்களுக்கும் இதே நியாயம்தான். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 50ஆம் பிரிவில், அனுமதி 3 ஆண்டுகள் செல்லும் என்றது. பிற்பாடு வந்த திருத்தங்கள் அந்தக் காலத்தை நீட்டியுள்ளன. ஆனாலும் முடிவில்லாத அனுமதி என்று ஒன்று இல்லை.

தேதியை வைத்தே தீர்த்துவிடலாம் என்றால் வழக்கே வராது. 'வேலையை அப்போதே தொடங்கிவிட்டோம்' என்று ஒரு தரப்பு சொல்லும். எது தொடக்கம்? நிலம் வாங்கியதா, வேலி போட்டதா, அஸ்திவாரம் தோண்டியதா? நம் மாநிலத்தில் இந்தக் கேள்வி மிகப் பெரிதாக எழுந்த இடம் கூடங்குளம். அங்கே வழக்கு கட்டட அனுமதி பற்றியதல்ல, சுற்றுச்சூழல் அனுமதி பற்றியது. கேள்வி மட்டும் ஒன்றேதான்.

1988 நவம்பரில் இந்தியாவும் சோவியத் யூனியனும் அங்கு அணுமின் நிலையம் அமைக்க ஒப்பந்தம் செய்தன. 1989 மே மாதம் சுற்றுச்சூழல் அமைச்சகம் முதல் இரண்டு உலைகளுக்கு அனுமதி கொடுத்தது. 1991இல் சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. திட்டம் படுத்துவிட்டது. 1998இல் ரஷ்யாவுடன் மறுபடியும் பேசி முடித்து, முதல் கான்கிரீட் போட்டது 2002 மார்ச்சில். அனுமதிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 13 வருஷம்! இதற்குள் சட்டம் சும்மா இருக்கவில்லை. 1994 ஜனவரியில் வந்த அறிவிக்கை, இப்படிப்பட்ட திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியைக் கட்டாயமாக்கி, அந்த அனுமதி 5 ஆண்டுகளே செல்லும் என்றது. 1997இல் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் கட்டாயமாயிற்று.

1989 அனுமதி காலாவதியாகிவிட்டது, புதிதாக வாங்குங்கள், எங்களையும் கேளுங்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதம். 2011இல் இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில் மீனவக் குடும்பங்கள் உண்ணாவிரதம் இருந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அனுமதி 1994க்கு முந்தியது, நிலம் எடுக்கும் வேலையும் முன்னமே தொடங்கிவிட்டது, ஆகவே புது அறிவிக்கை பொருந்தாது என்றது அரசுத் தரப்பு. மறு அனுமதியோ கூட்டமோ தேவையில்லை என்று அமைச்சகமும் 2001இல் தெரிவித்திருந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2012 ஆகஸ்டிலும், உச்சநீதிமன்றம் 2013 மே 6ஆம் தேதியும் பழைய அனுமதி செல்லும் என்றே தீர்ப்பளித்தன. உச்சநீதிமன்றம் பாதுகாப்பு முதலானவற்றுக்காக 15 கட்டளைகளையும் சேர்த்தது.

தீர்ப்பில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைய விதிப்படி அனுமதி பெற்றுப் பணம் போட்டபின் விதியை மாற்றினால் எவரும் எதையும் தொடங்கமுடியாது. ஆனாலும் எங்களுக்கு ஒரு குறை உண்டு. 1989இல் தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு, கான்கிரீட் போடும்போது 13 வயது. 2013இல் உலை இயங்கத் தொடங்கியபோது அவன் குடும்பஸ்தனாகக்கூட இருந்திருக்கலாம். அந்த இரண்டு உலைகளைப் பற்றி அவனை ஒருவரும் கேட்கவில்லை. அதே வளாகத்தின் அடுத்த உலைகளுக்கோ 2007இல் திருநெல்வேலியில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஒரே கடற்கரை, ஒரே மக்கள், நடைமுறை மட்டும் இரண்டு!

நம் காரியம் இவ்வளவு பெரிதல்ல. ஆயினும் உங்கள் சபை பணம் சேரட்டும் என்று காத்திருந்தால், அனுமதிக் கடிதத்தை எடுத்து அதிலுள்ள தேதியைப் பாருங்கள். எந்த வேலை எந்த நாளில் தொடங்கியது என்பதைச் சபைப் புத்தகத்தில் எழுதி, கொத்தனார் கூலி ரசீது, சிமெண்ட் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். காலத்தை நீட்டிக் கேட்பதானால் அந்தத் தேதிக்கு முன்னரே மனு கொடுக்கவேண்டும். தவறவிட்டால் புது மனு, புது வரைபடம், இன்றைய விதி. பக்கத்து மனையில் இதற்குள் வீடு வந்திருந்தால், அதுவும் அந்த வரைபடத்தில் இருக்கும்.