காத்துல போகுது காசு!

'பலூன் சுடுற துப்பாக்கிதானே பாஸ்'னு அலட்சியமா கேட்கிறவரா நீங்க? ஜெர்மனியோட ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் பத்தித் தெரிஞ்சா வாயைப் பிளப்பீங்க. சுட்டதும் குழலும் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் செட்டும் சேர்ந்து தண்டவாளத்துல வழுக்குற மாதிரி பின்னால நகரும். தோள்ல உதையே தெரியாது. எங்க மெக்கானிக்கல் பசங்க சொக்கிப்போறது இங்கேதான்!

ஆனா, சேர்க்க ஆரம்பிச்சா ஒண்ணோட நிக்காது. அழுத்தக் காற்றுல இயங்குற புது மேட்ச் ரைஃபிள் 2 லட்சத்தைத் தாண்டும். பழசு மலிவா வருதா? முதல்ல சிலிண்டர்ல இருக்கிற தேதியைப் பாருங்க. 10 வருஷம் ஆகியிருந்தா போட்டிக்கு உதவாது. புது சிலிண்டருக்கு மறுபடி பர்ஸைத் திறக்கணும்.

2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ. குழல், 20 ஜூல் வரைக்கும் லைசென்ஸ் தேவையில்லை. 5.5 மி.மீ. மேல ஆசையா? லைசென்ஸ் கையில வந்தப்புறம் விலை கேளுங்க!