டெலிபோனில் வந்த உத்தரவு!

இரவு நேரம். அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரி. வார்டில் நர்சு தனியாக இருக்கிறார். டெலிபோன் மணி அடிக்கிறது.

பேசுகிறவர் தன்னை டாக்டர் ஸ்மித் என்கிறார். நர்சு அவரைப் பார்த்ததே இல்லை. ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லி, அவருக்கு "அஸ்ட்ரோட்டன்" மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார். பத்து நிமிடத்தில் வந்து கையெழுத்துப் போடுவதாகவும் கூறுகிறார்.

நர்சு அலமாரியைத் திறக்கிறார். மருந்துப் பெட்டி இருக்கிறது. வழக்கமான அளவு 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 10-க்கு மேல் கூடாது என்று அதன்மேல் அச்சிட்டிருக்கிறது.

டாக்டர் கேட்டதோ அதற்கு இரண்டு மடங்கு! அதோடு, டெலிபோனில் சொன்னதை வைத்து மருந்து கொடுக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி.

நர்சு என்ன செய்தார்? 20 மில்லிகிராமையும் எடுத்துக்கொண்டு நோயாளியின் அறைக்குப் புறப்பட்டார்!

நல்ல வேளை! வழியில் ஒருவர் தடுத்து நிறுத்தினார். மருந்து என்று பெட்டியில் இருந்தது வெறும் குளுக்கோஸ். டாக்டர் ஸ்மித்தும் பொய். எல்லாம் ஒரு சோதனை.

22 பேரில் 21 பேர்

சோதனை நடத்தியவர் சார்லஸ் ஹாப்லிங் என்ற மனநோய் டாக்டர். அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1966-ல் இதன் முடிவை வெளியிட்டார்கள். 22 நர்சுகளுக்கு இதே போன்ற டெலிபோன் அழைப்பு போயிற்று. 21 பேர் மருந்து கொடுக்கத் தயாராகிவிட்டார்கள்! ஒருவர் மட்டும் மறுத்தார்.

இன்னொரு வேடிக்கை. இப்படி ஒரு உத்தரவு வந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு 12 நர்சுகளைக் கேட்டார்கள். கொடுக்க மாட்டோம் என்றார்கள் 10 பேர். நர்சுப் படிப்பு மாணவிகள் 21 பேரைக் கேட்டார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் மாட்டோம் என்றார்கள்.

வாயால் சொல்வது வேறு. டாக்டரின் குரல் காதில் விழும்போது நடப்பது வேறு.

அந்த நர்சுகள் படிக்காதவர்களா? இல்லை. கவலையற்றவர்களா? அதுவும் இல்லை. டாக்டர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவளே நல்ல நர்சு என்று அந்தத் தொழிலில் காலம் காலமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டாக்டர் உள்ளே வந்தால் எழுந்து நாற்காலியைக் கொடுக்க வேண்டும். டாக்டர் என்றால் ஆண், நர்சு என்றால் பெண் என்றிருந்த காலம். அப்பா சொன்னால் அம்மா எதிர்த்துப் பேசக் கூடாது என்று வீட்டில் போட்ட கணக்குத்தான் வார்டிலும்!

காத்திருந்த நைட்டிங்கேல்

இந்தக் கதை மிகப் பழையது. 1854-ல் கிரிமியாப் போர் நடந்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 நர்சுகளோடு துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த ராணுவ டாக்டர்கள் அவர்களை விரும்பவில்லை. டாக்டர் கூப்பிடாமல் எந்த நோயாளியையும் தொடக் கூடாது என்று அம்மையாரே தம் நர்சுகளுக்குக் கட்டளையிட்டார். நோயாளிகள் பக்கத்தில் கிடக்க, நர்சுகள் துணி தைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இங்கர்மன் சண்டையில் காயம்பட்ட வீரர்கள் வந்து குவிந்த பிறகுதான் டாக்டர்கள் கூப்பிட்டார்கள்.

உள்ளே நுழைய அன்று அம்மையாருக்கு வேறு வழி இல்லை. ஆனால் அந்தப் பணிவு நூறு ஆண்டுக்குப் பிறகும் நர்சுகளை விடவில்லை.

சொல்லாமல் சொல்ல வேண்டும்

நர்சுகளுக்கு யோசனை இல்லாமல் இல்லை. அதை யோசனை மாதிரி சொல்லக் கூடாது. அவ்வளவுதான்! லியோனார்டு ஸ்டைன் என்ற அமெரிக்க டாக்டர் 1967-ல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: "டாக்டர் - நர்சு விளையாட்டு".

அவர் காட்டிய உதாரணம் இது. நடுநிசி. ஒரு நோயாளி அம்மாளுக்குத் தூக்கம் வரவில்லை. அன்றுதான் அவர் தகப்பனார் இறந்த சேதி வந்திருக்கிறது. நர்சு டாக்டரை எழுப்பி விவரம் சொல்கிறார். முன்பு எந்தத் தூக்க மருந்து பலன் தந்தது என்று டாக்டர் கேட்கிறார். முந்தாநாள் கொடுத்த மருந்தின் பெயரையும் அளவையும் நர்சு சொல்கிறார். உடனே டாக்டர் அதே மருந்தை, அதே அளவில் கொடுக்க உத்தரவு போடுகிறார். நர்சு நன்றி சொல்கிறார்!

மருந்தைத் தேர்ந்தெடுத்தது யார்? நர்சு. பெயர் யாருக்கு? டாக்டருக்கு. யாருக்கும் மனக்கசப்பு இல்லை. ஆனால் அவசரமான நேரத்தில் நர்சு சுற்றி வளைத்துப் பேசிக்கொண்டிருந்தால் நோயாளியின் கதி?

பக்கத்தில் ஒரு துணை

1977-ல் அமெரிக்காவில் மறுபடி ஒரு சோதனை. இம்முறை நர்சுகளுக்குத் தெரிந்த "வாலியம்" மருந்து. கூட வேலை செய்பவர்களைக் கலந்துகொள்ளவும் வழி இருந்தது. அளவுக்கு மீறிக் கொடுக்க டாக்டர் சொன்னார். 18 நர்சுகளில் கொடுக்கத் தயாரானவர்கள் 2 பேர்தான்!

1990-ல் ஸ்டைன் தன் பழைய கட்டுரையைத் திரும்பப் பார்த்தார். விளையாட்டை நர்சுகள் விட்டுவருகிறார்கள் என்று எழுதினார். பெண்களே ஏராளமாக டாக்டராகி வருவதும் ஒரு காரணம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் ஆபரேஷன் அறைக்கென ஒரு பட்டியல் வெளியிட்டது. கத்தி வைப்பதற்கு முன் அங்கிருக்கும் எல்லோரும், நர்சு உட்பட, தம் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு நோயாளி யார், எந்த இடத்தில் ஆபரேஷன் என்று எல்லோரும் சேர்ந்து உறுதி செய்ய வேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் அந்தப் பட்டியலைப் படிப்பவர் நர்சு. நின்று பதில் சொல்பவர் பெரிய டாக்டர்.