கழுத்தில் இருக்கும் எண்

பட்டுக்குப் பேர்போன ஆரணியைச் சொல்லவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணியாற்றை ஒட்டி இருக்கும் ஆரணியைச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு வேலைக்குப் போய்வரும் இப்பக்கத்து வாலிபர்கள் பலருக்கு, சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒரு புல்லட் வாங்கிவிட வேண்டும் என்பது நெடுநாள் மனோரதம். புதிய வண்டி கைக்கு எட்டாதபோது, யாரோ ஆசையோடு அறுத்து ஒட்டி, முன்சக்கரத்தை நீட்டி, ஒற்றை சீட் வைத்து உருமாற்றிய பழைய வண்டி கண்ணில் படுகிறது. அதன் சௌந்தரியத்தில் லயித்து நிற்பவர் கேட்க மறந்துபோவது, ‘இதைச் செய்தவர் யார்?’ என்ற ஒரே கேள்வியைத்தான்.

அத்தகைய வண்டிக்குக் கர்த்தாக்கள் இருவர். முதல்வர் தொழிற்சாலைக்காரர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூடி என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஸ்தாபித்துத் திருவொற்றியூரில் புல்லட் செய்யலாயின. ஆகையால் நம் பக்கத்தில் உருமாறி நிற்கும் பழைய புல்லட்டுகளில் அநேகம் இதே கடற்கரையில் ஜனித்தவை. ஆனால் பெட்ரோல் டாங்கியில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பி இதை நிச்சயிக்கக் கூடாது. அந்தப் பெயர் சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் தனியாகவே கிடைக்கும். உண்மையான சாட்சி சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணுமே. பிற்கால வண்டிகளில் சேஸிஸ் எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. அதன் முதல் மூன்றும் தயாரித்தவரைக் காட்டும். ‘எம்.இ.3’ என்றால் ராயல் என்ஃபீல்டு, ‘எம்.டி.2’ என்றால் பஜாஜ். ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வரா. வந்திருந்தால் அந்த எண் பொய்.

இங்கேதான் பெரிய சங்கடம். பழைய புல்லட்டில் சேஸிஸ் எண் பெரும்பாலும், முன் ஃபோர்க்கைத் தாங்கும் கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். முன்சக்கரத்தை நீட்ட விரும்பும் பட்டறைக்காரர் சாய்வை மாற்ற அறுப்பதும் அந்தக் கழுத்தையேதான். அறுத்த இடத்தில் எண் அழியலாம், வேறொரு வண்டியின் எண் வந்து ஏறவும் செய்யலாம். ஆகவே வெயில் வெளிச்சத்தில் நின்று பாருங்கள்: எழுத்துகள் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா, கிரைண்டர் தேய்த்த கோடு தெரிகிறதா, அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் ஏன்? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செய்வதுபோலக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

இரண்டாம் கர்த்தா பட்டறைக்காரர். மும்பையின் வார்தெஞ்சி, ஜெய்ப்பூரின் ராஜ்புதானா கஸ்டம்ஸ் போன்ற பெயர்பெற்ற பட்டறைகளின் கைவேலை என்று விற்பவர் சொன்னால், பில்லைக் கேட்டு வாங்கி, அந்தப் பட்டறையையே விசாரித்துவிடலாம். பெயரில்லாத லேத் பட்டறையின் வேலை எனில், செய்தவரை நேரில் கண்டு, எந்தக் குழாய் போட்டார், வெல்டிங் யார் செய்தது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பழைய புல்லட்டில் என்ஜினே சட்டகத்தின் ஓர் அங்கமாக நின்று பாரத்தைத் தாங்குகிறது; கழுத்தில் போட்ட ஒட்டு விட்டால் ஓட்டுபவரின் பிராணனே போகும். வெல்டிங் சீரான அலையலையாக, மறைக்காமல் இருப்பது நல்ல லட்சணம். பட்டி பூசி வழவழப்பாக்கிய ஒட்டை நான் நம்பமாட்டேன்.

சட்டமோ முதல் கர்த்தாவின் பக்கமே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே செய்த மாறுதல் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே, உரிமை மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்திடுங்கள்.

எண் அழிந்த வண்டியை மட்டும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.